சீஃப் கை வைக்காத வயிறு

மாயக்காள் என்று ஒரு பெண் எம்.எஸ். சர்ஜரி படிக்க வந்து நின்றபோது, அந்த ஆஸ்பத்திரியின் அறுவைத் துறை முதலில் அறுத்தது அவள் பெயரைத்தான். டாக்டர் மாயா என்றார்கள். மிஸ் மாயா என்றார்கள். வாய்க்குள் நுழையாத பெயரா அது? வார்டில் கிரிக்கெட் ஸ்கோரை நின்று நிதானமாக விசாரிக்க நேரம் இருந்த பெரிய மனிதர்களுக்கு, பெயரின் பின்பாதியைச் சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை. அவளும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் "மாயக்காள், சார்" என்று திருத்தினாள். இரண்டு வருஷம் திருத்தியும் யாரும் திருந்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி போடும் குடும்பம் அவளுடையது. அப்பா கருப்பு, மகள் பிரசவ டாக்டராக வருவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் சர்ஜரி எடுத்தாள். இதற்கு உருக்கமாக ஏதாவது காரணம் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு காரணமும் இல்லை. அவளுக்குக் கத்தி பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆண் பிள்ளைகள் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. துறையில் அவளுக்கு முன்னால் பெண் யாரும் படித்ததில்லை. ஆபரேஷன் தியேட்டரில் அவள் கைக்கு உறை கூடக் கிடையாது. அந்தக் காலத்து ரப்பர் உறைகளைக் கழுவி, பவுடர் போட்டு, ஓட்டை விழுந்தால் ஒட்டி, அவித்து மறுபடி எடுப்பார்கள். இருந்ததெல்லாம் ஆம்பிளைக் கை அளவு. விரல் நுனியில் ரப்பர் மடங்கித் தொங்க, அவள் இரண்டு வருஷமாகக் கொக்கி பிடித்தாள். ஆபரேஷன் செய்கிறவருக்கு உள்ளே தெரிவதற்காக வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைத்தான் அங்கே கொக்கி என்பார்கள். சீஃப் பக்கத்தில் நிற்க, குடல்வால் ஆபரேஷன்கள் சில அவள் கையால் நடந்திருந்தன. மற்றபடி கொக்கிதான். கொக்கி பிடிக்கிறவளுக்கும் கண் உண்டு என்பதை மட்டும் யாரும் தடுக்க முடியவில்லை.

சீஃப் என்றால் அவள் யூனிட்டின் தலைவர், பேராசிரியர் வெங்கட்ரமணன். சும்மா சொல்லக் கூடாது, அவர் கை பெரிய கை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கி, வயிற்றின் மேல் மெதுவாக வைப்பார். பேச மாட்டார். கையை எடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார், திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் கையை வைத்துத்தான் யூனிட்டில் ஒரு விதி உண்டானது. சீஃப் கை வைக்காத வயிற்றை யாரும் திறக்கக் கூடாது. ஒரு காலத்தில் நெஞ்சுச் சளிக் காய்ச்சலை வயிற்று வலி என்று நினைத்து எவனோ அவசரக்காரன் திறந்துவிட, அந்த நோயாளி மேஜையிலேயே போய்ச் சேர்ந்தாராம். அன்றிலிருந்து இந்த விதி. நல்ல காரணத்துக்குப் பிறந்த விதிதான். சீஃப் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது என்று மட்டும் அந்த விதியில் எழுதப்படவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சனிக்கிழமைதோறும் சாவு மீட்டிங். அந்த வாரம் யூனிட்டில் யார் யார் இறந்தார்களோ, அவர்களை அட்மிட் செய்த மாணவர் எழுந்து நின்று விவரம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்கினாலும் முடிவு ஒன்றுதான். "பேஷண்ட் கேம் லேட், சார்." நோயாளி தாமதமாக வந்தார். சீஃப் தலையை ஆட்டி "அடுத்தது" என்பார். எல்லாச் சாவும் ஆன பிறகு பக்கத்து அறையில் வடையும் காபியும் இருக்கும். முதல் வருஷ மாணவன் நல்லகாமன், கத்தியை நேராகப் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. கிராமத்து ஜனங்கள் கஷாயம் குடித்து, மந்திரித்துப் பார்த்து, கடைசியில்தான் வருவார்கள். அதனாலேயே பொய்யாக இருக்கும் நாளிலும் அந்த வாக்கியம் வாயில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

தவசி மாசி மாதத்தில் வந்தார். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஆணி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. காலையில் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் மேல் வயிற்றில் குத்தியது போல வலி வந்து அப்படியே குந்திவிட்டார். பட்டறைக்காரர்கள் சரக்கு ஏற்ற நின்ற லாரியில் அவரையும், செய்தி கேட்டு ஓடி வந்த மனைவி அழகம்மாளையும் ஏற்றி, ஹைவேயில் விரட்டிக்கொண்டு வந்து மதியத்துக்கு முன்பே சேர்த்துவிட்டார்கள். மாயக்காள் கை வைத்துப் பார்த்தாள். வயிறு பலகையாக இருந்தது. எக்ஸ்ரேயில், வயிற்றுக்கு மேல் பக்கத்தில், இருக்கவே கூடாத இடத்தில் காற்று மூன்றாம் பிறையாகத் தெரிந்தது. இரைப்பையை அடுத்த குடலில் இருந்த புண் ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டை மிளகு அளவுதான் இருக்கும். உடனே திறந்து அடைத்தால் ஆள் பிழைப்பார். விட்டால், உள்ளே கசிகிறதெல்லாம் சீழாகிவிடும்.

அன்றைக்கு சீஃப் சென்னையில் பரீட்சை அதிகாரியாக இருந்தார். மறுநாள் காலை ரயிலில்தான் வருவார். அடுத்த நிலையில் இருந்தவர் உதவிப் பேராசிரியர் சுப்பராமன். கெட்டவர் இல்லை. கைத்திறமையும் உண்டு. பதவி உயர்வு வருகிற வயதில் எந்தக் காற்றும் தன் பக்கம் அடிக்காமல் பார்த்துக்கொள்கிற மனிதர். மாயக்காள் மூன்று தடவை கேட்டாள். அவர் மூக்கு வழியே குழாய் போடச் சொன்னார், பாட்டில் ஏற்றச் சொன்னார், ஊசி போடச் சொன்னார். அடுத்த யூனிட் சீஃப்பைக் கூப்பிடலாமே என்றாள். ஒரு சீஃப்பின் நோயாளியை இன்னொரு சீஃப் தொடுவதா, அப்புறம் நான் இங்கே குப்பை கொட்ட முடியுமா என்றார். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். குழாயைச் சரிபார்த்தாள், நாடி பிடித்தாள், நின்றாள். மறுநாள் சீஃப் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, வயிற்றில் வைத்து, "திறந்துடு" என்றார். திறந்தபோது உள்ளே சீழ் மட்டும்தான் இருந்தது. தவசி அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை.

வார்டில் யாரோ பழக்க தோஷத்தில் அழகம்மாளிடம், லேட்டாகக் கொண்டுவந்துவிட்டீர்கள் அம்மா என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். லாரி வருவதற்குள் புருஷனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்திருந்தாள். அந்த சோடா குடித்த நேரத்தில்தான் உயிர் போய்விட்டது என்று முடிவு கட்டி, வராந்தாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "சோடா வாங்கிக் குடுத்துக் கொன்னுபுட்டேனே" என்று அவள் அழுததைக் கேட்டுக்கொண்டேதான் மாயக்காள் அந்தச் சனிக்கிழமை மீட்டிங்குக்குள் நுழைந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. செத்தவர் மேல் பழி போட்டது போதாது என்று, சாகக் கொடுத்தவள் தலையிலும் அதைக் கட்டிவிட்டார்களே என்று எரிந்தது.

அவள் முறை வந்தது. எழுந்து நின்று தவசியின் விவரத்தைச் சொன்னாள். வலி, எக்ஸ்ரே, குழாய், ஊசி, ஆபரேஷன், சாவு. சொல்லி நிறுத்தினாள். எல்லோரும் கடைசி வாக்கியத்துக்குக் காத்திருந்தார்கள்.

"ஃபினிஷ் பண்ணு, மாயா" என்றார் சீஃப்.

"பேஷண்ட் லேட்டா வரலை சார். சீக்கிரமா வந்தாரு. நாமதான் லேட்டு."

பக்கத்து அறையில் வடையை அடுக்குகிற தட்டுச் சத்தம் கேட்டது. சுப்பராமன் தன் செருப்பைப் பார்த்தார். சீஃப் கத்தவில்லை. அவர் கத்துகிற ரகம் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாமன்னா யாரு?"

"முதல்ல நான் சார். அப்புறம் அசிஸ்டன்ட் சார். அதுக்கப்புறம் நீங்க."

"உக்காரு" என்றார் சீஃப். "அடுத்தது."

திங்கட்கிழமை காலையில் அவளைச் சீழ் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தியேட்டர் கிடையாது, கொக்கி கூடக் கிடையாது. அழுகின புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதுதான் வேலை. செப்டம்பரில் எம்.எஸ். பரீட்சை. அதற்கு உட்கார வேண்டுமானால், பயிற்சி திருப்தியாக இருந்தது என்று சீஃப் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தால்தான் அவள் சர்ஜன். சுப்பராமன் இரண்டு தடவை சீழ் வார்டுப் பக்கம் வந்து, ஒரே ஒரு சாரி சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பெரியவர் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று கெஞ்சினார். எதற்கு சார் சாரி என்று மாயக்காள் கேட்டாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

நிஜமாகவே சாரி சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவள் கப்பலூருக்குப் போனாள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. அழகம்மாள் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வீடு தேடி வந்ததைப் பார்த்துப் பதறிப்போய்ப் பாயை எடுத்துப் போட்டாள். மாயக்காள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"அந்த சோடாவால ஒண்ணும் ஆகலை. நீங்க சீக்கிரமாத்தான் கொண்டாந்தீங்க. நாங்கதான் நாளைக் கடத்திப்புட்டோம். பெரிய டாக்டரு ஊர்ல இல்லைன்னு காத்துக்கிட்டு இருந்தோம்."

இதைக் கேட்டால் அந்த அம்மாவின் பாரம் இறங்கும், அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று மாயக்காள் எதிர்பார்த்து வந்திருந்தாள். படித்தவர்களுக்கு இப்படி ஒரு நினைப்பு எப்போதும் உண்டு. உண்மையைச் சொன்ன கையோடு கும்பிடு கிடைக்கும் என்று காத்திருப்பார்கள். அழகம்மாள் அழவில்லை. உரித்த கடலையைச் சொளகில் தள்ளிவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வேலை ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அம்புட்டு நேரம் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்த?"

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் இருந்தும் மாயக்காள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சீஃப் மேல் இருந்த கோபம், சுப்பராமன் மேல் இருந்த கோபம் எல்லாம் திருமங்கலம் ரோட்டிலேயே கழன்று விழுந்துவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் அவளோடு டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு சீழ் வார்டில் கட்டுப் போடும்போதும் அது கேட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் கேட்டது. இனி ஒரு தடவை அப்படி நிற்கப் போவதில்லை என்று அவள் தீர்மானித்தாள். தீர்மானம் சுலபம்தான். சீழ் வார்டில் இருப்பவளிடம் யார் வயிற்றைக் கொண்டுவருவார்கள்?

சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டார்கள். அவசர நோயாளிகளை எடுக்கும் முறை அன்றைக்கு இவர்கள் யூனிட்டுக்கு. ஆள் இல்லாமல் போகவே, மாயக்காளைச் சீழ் வார்டிலிருந்து காஷுவாலிட்டிக்கு இழுத்துப் போட்டார்கள். சீஃப்புக்கு வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் நாலு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தூக்கி வந்தவர்களும் தூக்கப்பட்டவரும் ஒரே வேஷம். தலையில் சரிகைக் குல்லாய், இடுப்பில் சல்லடம் என்கிற அரைக்கால்சட்டை, தோளில் தண்ணீர் நிரப்பிய தோல் பை. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்கள். அவர் பெயர் விருமாண்டி. அழகர்கோவில் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி. விரதம் இருந்து, ஆற்றுக்குள் இறங்கி, பைத் தண்ணீரைப் பீய்ச்சத் தூக்கினவர் அப்படியே மணலில் மடங்கிவிட்டார். மாயக்காள் சல்லடத்தைத் தளர்த்திவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்தாள். சீஃப்பிடம் கற்றதுதான். பலகை. எக்ஸ்ரே எடுத்தாள். அதே பிறை.

சுப்பராமன் படத்தைப் பார்த்தார். உடனே டெலிபோனுக்கு ஓடினார். சீஃப் வீட்டில்தான் இருந்தார். இதோ வருகிறேன், நான் வரும்வரை தொடாதே என்று சொல்லிவிட்டார். சுப்பராமன் அந்தப் பதிலை ரொம்ப நிம்மதியோடு வந்து ஒப்பித்தார். மாயக்காள் ஜன்னலைக் காட்டினாள். பாலத்தின் மேலேயும் பாலத்தின் கீழேயும் மனிதத் தலைதான். அழகர் வந்து போகும்வரை எறும்பு கூட அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வர முடியாது. தங்கை கல்யாணத்துக்கே நேரத்துக்கு வந்து சேராத சாமியின் திருவிழா. அதில் கார் எடுத்துக்கொண்டு சீக்கிரம் வருகிறேன் என்கிறார் சீஃப்.

"நான் திறக்குறேன் சார்" என்றாள் மாயக்காள்.

"சீஃப் வரட்டும்மா. சொன்னாக் கேளு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"நீங்க தடுத்தும் கேக்காம நான்தான் திறந்தேன்னு சொல்லிருங்க. நானும் அப்படியே சொல்றேன். ஆனா இந்தத் தடவை நிக்க மாட்டேன் சார்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தியேட்டர் சிஸ்டர் விஜயம் பேச்சு எதையும் கேட்காதவள் போல மேஜையை விரித்துக்கொண்டிருந்தாள். கை கழுவி வந்த மாயக்காளிடம் நீட்டிய உறை, விரலில் கச்சிதமாக உட்கார்ந்தது. பிரசவத் தியேட்டரிலிருந்து கடன் வாங்கி வந்ததாம். "தொளதொளன்னு போட்டுக்கிட்டுக் கொக்கி பிடிக்கலாம் டாக்டர், கத்தி பிடிக்க முடியாதுல்ல" என்றாள் விஜயம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சிவசங்கரன், சர்ஜன் யார் என்று தெரியாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். நான்தான் என்றாள் மாயக்காள். அவர் வாசலில் நின்ற சுப்பராமனைப் பார்த்தார். சுப்பராமன் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் போகவே, பெருமூச்சு விட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார்.

அன்றைக்குக் கொக்கி பிடித்தவர் உதவிப் பேராசிரியர். மாயக்காள் திறந்தாள். விரத வயிறு. பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் போகாத வயிறு என்பதால் உள்ளே கசிந்திருந்தது கொஞ்சம்தான். சீழ் கட்ட இன்னும் நேரம் இருந்தது. கல்லீரலைத் தூக்கிப் பிடித்துக் குடலின் அந்த வளைவைப் பார்த்தாள். இருந்தது ஓட்டை, மிளகு அளவு. மூன்று தையல் போட்டு, பக்கத்தில் இருந்த கொழுப்புத் திரையை இழுத்து அதன் மேல் வைத்து முடிச்சுப் போட்டாள். இரண்டு வருஷம் கொக்கி பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து மனசுக்குள் போட்ட முடிச்சுகள் அவை. இறுக்கமாக விழுந்தன. இதற்காகத்தானே வந்தேன் என்று நினைத்தாள்.

உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சீஃப். முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது, ஆனால் மற்றதெல்லாம் கதை சொன்னது. காரைப் பாலத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டு, ஆற்று மணலில் இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தே வந்திருக்கிறார். செருப்பு இல்லை. தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. யாரோ பக்திமான் அவர் மேலும் தண்ணீரைப் பீய்ச்சி விட்டிருக்கிறான். வராமல் இருக்கவில்லை மனிதர். ஓடித்தான் வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் மாயக்காளுக்கு ஒரு கணம் மனசு இளகியது. கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"யார் திறக்கச் சொன்னது?"

சுப்பராமனின் கொக்கி நழுவியது. அவள் அதைப் பிடித்து அவர் கையில் திரும்ப வைத்தாள்.

"யாரும் சொல்லலை சார். நானாத்தான் திறந்தேன்."

"நான் வர்றேன்னு சொன்னேனே."

"வந்துட்டீங்க சார். வயிறு உங்களுக்கு முன்னாடி வந்துருச்சு."

சீஃப் மேஜைக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். தையலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கல்லீரலுக்கு மேலே கழுவியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றாள். இன்னொரு தடவை கழுவச் சொன்னார். கழுவினாள். அவர் சொன்னது சரிதான், இன்னும் கொஞ்சம் வந்தது. அவர் வேறு ஒன்றும் சொல்லாமல் ஈரக் காலோடு வெளியே போனார்.

விருமாண்டி பிழைத்தார். தண்ணீர் குடித்தார், கஞ்சி குடித்தார், பக்கத்துக் கட்டில்காரரோடு சண்டை போடும் அளவுக்குத் தேறினார். அழகர்தான் தன்னைக் காப்பாற்றினார் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாயக்காளுக்கு அதில் வருத்தமில்லை. பெரியவர்களுக்குப் பேர் போய்ச் சேருவது அந்த ஆஸ்பத்திரியில் புதிதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மீட்டிங்கில் சாவுகளுக்கு முன்னால் சீஃப் அவளைத்தான் எழுப்பினார்.

"டாக்டர் மாயக்காள்" என்றார். தண்டனை கொடுக்கவாவது முழுப் பெயரும் அவர் வாயில் வந்தது. "இந்த யூனிட்டுல ஒரு ரூல் இருக்கு. அது ஏன் வந்ததுன்னும் உனக்குத் தெரியும். இன்னைக்கு நீ சரியாத் திறந்துட்டே. நாளைக்கு உன்னைப் பார்த்து ஒருத்தன் தப்பாத் திறப்பான். செப்டம்பர் பரீட்சைக்கு உன்னை அனுப்பப் போறதில்லை. இன்னும் ஆறு மாசம் இங்கேயே இரு. ஏதாவது சொல்லணுமா?"

சாரி என்ற சொல்லுக்காக அறை முழுக்கக் காத்திருந்தது. சுப்பராமன் கண்ணாலேயே கெஞ்சினார். மாயக்காளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். செப்டம்பரில் முடித்துவிடுவேன் என்று அப்பாவுக்கு எழுதியிருந்தாள். கண் கலங்கியதை மறைக்காமல் நிமிர்ந்தே நின்றாள்.

"கப்பலூர்ல ஒரு அம்மா, வேலை தெரிஞ்சும் எதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்னு கேட்டுச்சு சார். அப்ப எங்கிட்டப் பதில் இல்லை. அந்தக் கேள்வியை இன்னொருத்தர் வந்து எங்கிட்டக் கேக்கக் கூடாது. ஆறு மாசம் இருக்கேன். எல்லா மாசமும் காஷுவாலிட்டி டியூட்டியே போடுங்க. நீங்க இருந்தா உங்க கைக்குக் காத்திருப்பேன். இல்லைன்னா திறப்பேன்."

சொல்லிவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள். சீஃப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு "அடுத்தது" என்றார்.

நல்லகாமன் எழுந்தான். குடல் முறுக்கி இறந்துபோன ஒரு மூதாட்டியின் விவரம். அட்மிஷன், பரிசோதனை, ஆபரேஷன், சாவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து கடைசி வாக்கியத்துக்கு வாயைத் திறந்தான்.

"பேஷண்ட் கேம்..."

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. அவன் மாயக்காளைப் பார்த்தான், சீஃப்பைப் பார்த்தான், திறந்த வாயோடு நின்றான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்து அறையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

அத்தனை வருஷமாக அந்த அறையில் யாரும் கேட்டிராத ஒன்றை வெங்கட்ரமணன் அன்றைக்குக் கேட்டார்.

"சொல்லுப்பா. அந்த அம்மா எப்ப வந்தாங்க?"